பச்சை டிக் வந்தும் ஃபுட்டேஜ் அடிபட்டிருந்துச்சு: படப்பிடிப்புல ஒரு டிஐடி நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு ஃபீச்சர் படத்தோட நைட் ஷெட்யூல்ல நடந்தது. யாரு, எந்த யூனிட்டுன்னு சொல்லப் போறதில்ல. நான் அந்தப் படத்துக்கு லேப் பக்கம், அதாவது எடுத்த ஃபுட்டேஜ் வந்து சேர்ற இடத்துல, டேட்டா பாத்துக்கிட்டவன். ஸ்பாட்ல நடந்த விஷயங்கள டிஐடி எழுதி வெச்ச லாக், காப்பி ரிப்போர்ட், அப்புறம் சம்பந்தப்பட்டவங்க கிட்ட உக்காந்து பேசுனது, இதையெல்லாம் வெச்சு எழுதுறேன்.

டிஐடி, அதாவது டிஜிட்டல் இமேஜிங் டெக்னீஷியன், என்ன பண்றவர்னு பல பேருக்கு இன்னும் சரியா தெரியாது. "கார்டு காப்பி பண்ற பையன்"னு நெனைக்கிறவங்க நெறைய. உண்மையில அவர் வேலைல பாதி கேமராமேன் பக்கத்துலயே இருக்கு. எக்ஸ்போஷர் பாக்கணும், வேவ்ஃபார்ம் (வெளிச்ச அளவ காட்டுற கிராஃப்) பாக்கணும், ரெண்டு கேமராவும் ஒரே மாதிரி இருக்கான்னு மேட்ச் பண்ணணும், செட்லயே லுக் செட் பண்ணி லட்டாவோ சிடிஎல்லாவோ (நிற செட்டிங் ஃபைல்கள்) எடிட்டுக்கும் டிஐக்கும் (கடைசியா நிறம் சரி பண்ற கட்டம்) அனுப்பணும். மீதிப் பாதிதான் டேட்டா. பெரிய யூனிட்ல டேட்டாவுக்குத் தனி ஆள் இருப்பாங்க, இங்க டிஐடியும் ஒரு அசிஸ்டென்ட்டும் மட்டும்தான்.

இந்த டேட்டா பாதிக்கு இவ்ளோ வெயிட் வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. 2000 வாக்குல சோனி எஃப்900 மாதிரி டிஜிட்டல் கேமராக்கள் வந்தப்போ ரெக்கார்டிங் டேப்ல, அந்த டேப்பே மாஸ்டர், ஷூட் முடிஞ்சதும் அலமாரிக்குப் போயிடும். அதுக்கு முன்னாடி நெகட்டிவ், அதுவும் அப்படித்தான். மெமரி கார்டு வந்ததுக்கப்புறம் நிலைமை தலைகீழ். ஒரிஜினல்னு ஒண்ணு கார்டுல மட்டும்தான் இருக்கு, அதை தினமும் நம்ம கையாலயே அழிச்சிட்டு மறுபடி கேமராவுக்குள்ள போடுறோம். அழிக்கலாம்னு சொல்றவர் டிஐடி. இந்தக் கேஸ் முழுக்க அந்த ஒரு அனுமதிய சுத்தித்தான்.

டேட்டா போன வழி

ரெண்டு கேமரா. ரெக்கார்டிங் ப்ரோரெஸ் 4444 எக்ஸ்க்யூ (வீடியோவ கம்ப்ரஸ் பண்ற ஒரு கோடெக்), 3840க்கு 2160, 24 ஃப்ரேம். இந்தக் கணக்குல ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 716 ஜிபி வரும், அதனால 1 டிபி கார்டுல சுமார் 80 நிமிஷம் ஓடும். மொத்தம் ஆறு கார்டு. சீன் மாறுறப்போ கார்டு பாதிதான் நிறைஞ்சிருந்தாலும் கழட்டிடுவாங்க, ஒரே கார்டுல ரெண்டு சீன் இருந்து அது போச்சுன்னா ரெண்டும் போயிடும்ங்கற பயம். நியாயமான பயம்தான், ஆனா கார்டு சீக்கிரம் தீரும்.

கழட்டுன கார்டு டிஐடி டென்ட்டுக்கு வரும். அங்க ஒரு டெஸ்க்டாப் வொர்க்ஸ்டேஷன், ஒரு ரெய்ட் 5 பாக்ஸ் (பல டிஸ்க் சேந்தது, ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாது), லேப்புக்குக் கொண்டு போற ரெண்டு ஷட்டில் டிரைவ். காப்பி சாஃப்ட்வேர் கார்டை ஒரு தடவை படிச்சு மூணு இடத்துலயும் ஒரே நேரத்துல எழுதும். படிக்கும்போதே ஒவ்வொரு ஃபைலுக்கும் எக்ஸ்எக்ஸ்ஹாஷ் போட்டுக்கும். ஹாஷ்னா ஃபைல்ல இருக்கற மொத்த டேட்டாவையும் கணக்குப் போட்டு வர்ற ஒரு சின்ன எண், ஒரு பிட் மாறுனாக்கூட எண்ணு வேறயா வரும். எழுதி முடிச்சதும் மூணு காப்பியையும் திரும்பப் படிச்சு ஹாஷ் ஒத்துப்போகுதான்னு பாக்கும், ஒத்துப்போனா பச்சை டிக், கூடவே எல்லா ஹாஷையும் பட்டியல் போட்டு எம்ஹெச்எல் ஃபைல் ஒண்ணு எழுதி வெச்சிடும். ஷட்டில் லேப்புக்கு வந்ததும் அதே எம்ஹெச்எல்ல வெச்சு நாங்க செக் பண்ணிட்டு எல்டிஓ டேப்ல (ரொம்ப நாள் பத்திரமா வெக்கற டேட்டா டேப்) ஏத்துவோம்.

பேப்பர்ல பாத்தா இதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. மூணு காப்பி, ஹாஷ், ரிப்போர்ட், டேப். இத விட மோசமா ஓடுற யூனிட் எவ்ளோவோ இருக்கு, சும்மா ட்ராக் பண்ணி ட்ராப் பண்ணிட்டு ஃபைல் சைஸ் மட்டும் பாத்து ஃபார்மட் போடுற ஆளுங்களும் இருக்காங்க.

கார்டுக்கு டேப் ஒட்டுற வழக்கம் இங்க இப்படி: ரெக்கார்டு ஆன கார்டுல சிவப்பு டேப், ஃபார்மட் பண்ணலாம்னா பச்சை டேப். பச்சை டேப் ஒட்டுறது டிஐடி மட்டும்தான்னு ப்ரெப் டைம்லயே (ஷூட்டுக்கு முன்னாடி தயார் பண்ற நாள்கள்) பேசி, கேமராமேனும் எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசரும் மெயில்ல ஓகே சொல்லியிருந்தாங்க. இந்த மெயில் பின்னாடி ரொம்ப உதவுச்சு.

முதல்ல வந்த அறிகுறி

சம்பவத்துக்கு சில ராத்திரி முன்னாடி, ஒரு கார்டு காப்பி ஆகும்போது ஒரே ஒரு ஃபைல்ல சிவப்பு வந்துச்சு, ஒரு ஷட்டில்ல எழுதுனது ஹாஷோட ஒத்துப்போகல. அசிஸ்டென்ட் அந்த ஃபைல மட்டும் மறுபடி காப்பி போட்டார், பச்சை வந்துச்சு, அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க. லாக்ல ஒரு வரி இருக்கு: "ஒரு ஃபைல் ரீகாப்பி, ஓகே." அவ்ளோதான்.

எல்லாரும் செய்றதுதான் இது, ஷட்டில் டிரைவோட கேபிள் லூஸா இருந்திருக்கும்னு நெனச்சிருக்காங்க. ஆனா யூஎஸ்பி லைன்லயே பிழை வந்தா கண்டுபிடிச்சு மறுபடி அனுப்பச் சொல்ற ஏற்பாடு இருக்கு, அதனால கேபிள் மோசமா இருந்தா பொதுவா ஸ்பீடு குறையும், இல்ல டிரைவே கட் ஆகும், சத்தமே இல்லாம ஒரு பிட் மாறுறது அபூர்வம். அப்படி ஒண்ணு வந்தா அது வேற எங்கயோ இருக்கற நோயோட அறிகுறின்னு எடுத்துக்கறது நல்லது. ரீகாப்பி போட்டதும் சரியாயிடுச்சு, அதனாலயே அதுக்கப்புறம் அதைப் பத்தி யாரும் பேசல.

அந்த ராத்திரி

நடு ராத்திரி தாண்டியிருக்கும். ஒரு டேக்ல ஃபோகஸ் பத்தி கேமராமேனுக்கு சந்தேகம், டிஐடிய அந்த கிளிப்ப ரெய்ட்ல இருந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். ஃபோகஸ் ஓகே. ஆனா ஓட்டும்போது நடிகரோட கறுப்பு ஜாக்கெட் தோள் பக்கம் ஏதோ கண்ணுல பட்ட மாதிரி இருந்துச்சு டிஐடிக்கு. கேமராமேன் கவனிக்கல, "ஓகே, போலாம்"னு எழுந்து போயிட்டார்.

டிஐடி போகல. ஃப்ரேம் ஃப்ரேமா நகத்திப் பாத்தார். ஒரே ஒரு ஃப்ரேம்ல, தோளுக்கு மேல, படுக்கை வாட்டுல ஒரு சின்னப் பட்டை, பச்சையும் ஊதாவும் கலந்த நிறம். முன்னாடி ஃப்ரேம்ல இல்ல, அடுத்ததுல இல்ல. ஒரு ஃப்ரேம்னா ஒரு செகண்டுல இருபத்தி நாலுல ஒரு பங்கு, தியேட்டர்ல உக்காந்து பாத்தாக்கூட பாதிப் பேரு ஏதோ மின்னுச்சுன்னு விட்டுடுவாங்க.

இங்க அவர் செஞ்சது எனக்குப் பிடிச்ச விஷயம். பட்டைய ஜூம் பண்ணி பிக்சல் எண்ணுனார். உயரம் சரியா 16, அகலம் 128. மேலருந்து எண்ணி வந்தா பட்டை ஆரம்பிக்கற இடமும் 16ஆல மீதியில்லாம வகுபடுது. ப்ரோரெஸ் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாத்தான் கம்ப்ரஸ் பண்ணும், அதுலயும் ஃப்ரேம சின்னச் சின்ன ஸ்லைஸா பிரிச்சுக்கும். ஒரு ஸ்லைஸ் அதிகபட்சம் எட்டு மேக்ரோபிளாக் அகலம், ஒரு மேக்ரோபிளாக் உயரம், மேக்ரோபிளாக்னா 16க்கு 16. அதாவது 128க்கு 16. இந்த ரெசல்யூஷன்ல ஒரு ஃப்ரேமுக்கு 4050 ஸ்லைஸ், அதுல ஒண்ணு மட்டும் உடைஞ்சிருக்கு. லென்ஸ் ஃபிளேரோ சென்சார் கோளாறோ லைட் ஃப்ளிக்கரோ இப்படி அளவெடுத்த மாதிரி வந்து உக்காராது. ஆக படம் எடுத்ததுல தப்பில்ல, எடுத்த டேட்டா எங்கயோ அடிபட்டிருக்கு.

காப்பி ரிப்போர்ட்ட திறந்து பாத்தார். அந்த ஃபைல் பச்சை. மூணு காப்பியும் பச்சை.

இந்தக் கட்டத்துல அந்தக் கார்டு டென்ட்ல இல்ல. பச்சை டேப் ஒட்டி கேமரா அசிஸ்டென்ட் வாங்கிட்டுப் போயாச்சு. வாக்கி டாக்கில கூப்பிட்டார்: "எந்தக் கார்டையும் ஃபார்மட் பண்ணாதீங்க, பச்சை டேப் ஒட்டுனதையும் சேத்து எல்லாத்தையும் இங்க கொண்டு வாங்க." கார்டு கேமரா பக்கத்துல பெட்டியில இருந்துச்சு, இன்னும் உள்ள போடல. அன்னிக்கு ராத்திரி ரெக்கார்டு ஆன நாலு கார்டும் அப்படியே முழுசா கைக்கு வந்துச்சு. மீதி ரெண்டு கேமராக்குள்ள, ரெண்டுலயும் பாதி இடம் இருந்துச்சு.

உறுதிப்படுத்துனது

ஸ்டாண்ட்பை லேப்டாப் ஒண்ணு இருந்துச்சு. கார்டை அதுல வேற ரீடர் மூலமா போட்டு அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ஹாஷ் எடுத்தார். எம்ஹெச்எல்ல இருக்கறதோட ஒத்துப்போகல. கார்டை கழட்டி மாட்டி மறுபடி எடுத்தார், லேப்டாப்ல முன்னாடி வந்த அதே எண். கழட்டி மாட்டுனதுக்குக் காரணம், ஒரு தடவை படிச்ச ஃபைல சிஸ்டம் மெமரியிலயே வெச்சிருக்கும், ரெண்டாவது தடவை கார்டை தொடாமலே அங்கருந்து எடுத்துக் குடுத்துட வாய்ப்பு இருக்கு, அப்போ செக் பண்ணதா நெனச்சுட்டு செக் பண்ணாம இருப்போம். லேப்டாப் காப்பிய ஓட்டிப் பாத்தா பட்டை இல்ல, ஜாக்கெட் சுத்தமா இருக்கு.

அப்புறம் அதே கார்டை வொர்க்ஸ்டேஷன்ல போட்டு ஹாஷ் எடுத்தார். இப்போ லேப்டாப் எண்ணோட ஒத்துப்போச்சு! முன்னாடி தப்பா படிச்ச மெஷின் இப்போ சரியா படிக்குது. எப்பவும் தப்பு பண்ற மெஷின்னா பிடிச்சிடலாம், எப்பவாவது பண்றதுதான் பயம்.

பச்சை எப்படி வந்துச்சுன்னு இங்க புரிஞ்சிக்கணும். சாஃப்ட்வேர் கார்டுல இருந்து படிச்சு மெஷினோட மெமரில வெச்சுக்குது, அங்க வெச்சுத்தான் ஹாஷ் போடுது, அங்கருந்துதான் மூணு டிஸ்க்குக்கும் எழுதுது. ஹாஷ் போடுறதுக்கு முன்னாடியே ஒரு பிட் மாறியிருந்தா, மாறுன டேட்டாவோட ஹாஷ்தான் ரெக்கார்டு ஆகும், மூணு காப்பியும் அந்தத் தப்போட கச்சிதமா ஒத்துப்போகும். கள்ள நோட்டை மூணு ஜெராக்ஸ் போட்டு மூணும் ஒண்ணா இருக்குன்னு சீல் குத்துன மாதிரி. ரெய்டும் காப்பாத்தாது, அது டிஸ்க் செத்தா தாங்கும், ஏற்கனவே தப்பா வந்த டேட்டாவ சரியா பத்திரமா வெச்சிருக்கும், அவ்ளோதான். ஹாஷ் போட்டதுக்கு அப்புறம் பிட் மாறுனாத்தான் சிவப்பு வரும். சில ராத்திரி முன்னாடி வந்தது அந்த ரகம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஃபோகஸ் புல்லர் (லென்ஸ் ஃபோகஸ் பாத்துக்கற கேமரா அசிஸ்டென்ட்) சொன்னது: "அந்த ஒரு ஃபைல மட்டும் லேப்டாப்ல இருந்து மாத்திடுங்க, கார்டை குடுங்க." டிஐடி ஒத்துக்கல. கண்ணுக்குத் தெரிஞ்சது ஒண்ணு, தற்செயலா, அதுவும் வேற எதுக்கோ ஓட்டும்போது. தெரியாதது எத்தனைன்னு சொல்ல முடியாது. அந்த மெஷின் தொட்ட எல்லாமே சந்தேகத்துக்கு உரியதுன்னு முடிவெடுத்தார்.

உடனே கேமராமேன் கிட்டயும் ப்ரொடக்‌ஷன் மேனேஜர் கிட்டயும் போனார். மேனேஜர் கேட்டது எல்லாரும் கேக்கறதுதான்: "தம்பி, எல்லாம் பச்சைன்னு நீங்கதான சொன்னீங்க, இப்ப என்ன புதுசா?"

"பச்சைன்னா டிஸ்க்ல எழுதுனதும் மெஷின் படிச்சதும் ஒண்ணுன்னு அர்த்தம் சார். மெஷின் படிச்சதும் கார்டுல இருக்கறதும் ஒண்ணான்னு அது சொல்லல. படிச்சதுலயே தப்பு இருக்கு. இந்த நாலு கார்ட அழிச்சா திரும்ப எடுக்க வழியே இல்ல."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

டிஐடி மழுப்பாம நேரத்த சொன்னார். லேப்டாப் வழியா ஒரு முழு 1 டிபி கார்டை செகண்டுக்கு 400 எம்பி வேகத்துல படிக்கவே 40 நிமிஷத்துக்கு மேல, ரெண்டு தடவை படிக்கணும்னா அதோட டபுள். பாதி நிறைஞ்ச கார்டுக்கு அதுல பாதி. அன்னிக்கு ராத்திரிக்குள்ள நாலுல ஒண்ணோ ரெண்டோதான் விடுவிக்க முடியும், அதையும் நம்பி ஷாட் பிளான் பண்ண வேணாம்னார்.

மூணு வழி பேசுனாங்க. கோடெக்க ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூக்கு இறக்குனா டேட்டா பாதிக்கும் கொறஞ்சிடும், இருக்கற இடம் போதும். கேமராமேன் வேணாம்னுட்டார், ஒரே சீன்ல பாதி ஷாட் 12 பிட், பாதி ஷாட் நிற நுணுக்கம் கம்மியான 10 பிட்னா ராத்திரி இருட்டுல, நிழல் பக்கம் டிஐல மேட்ச் பண்ணும்போது தெரியும்னு அவரோட கணக்கு. ரெண்டாவது, வெளில இருந்து கார்டு வரவழைக்கறது, அந்நேரத்துக்கு நடக்கற காரியமில்ல. மூணாவது, பி கேமராவ நிறுத்திட்டு அதுல இருக்கற பாதிக் கார்டையும் ஏ கேமராவுக்கே குடுக்கறது. ரெண்டு பாதியும் சேந்தா ஏறக்குறைய 80 நிமிஷ ரெக்கார்டிங், மிச்சமிருக்கற ஷாட்டுக்குப் போதும். டைரக்டருக்கு மனசில்ல, ஆனா ஒத்துக்கிட்டார். ரெண்டு கேமரா இல்லாம எடுக்க முடியாத ஒரு ஷாட்ட மட்டும் அடுத்த ராத்திரிக்குத் தள்ளுனாங்க.

வொர்க்ஸ்டேஷன காப்பி வேலைல இருந்து மொத்தமா எடுத்துட்டார், லைவ் கிரேடிங்குக்கு (செட்லயே மானிட்டர்ல நிறம் சரி பண்றது) மட்டும் வெச்சுக்கிட்டார், அதுல தப்பு வந்தா மானிட்டர்ல தெரியுமே தவிர ஃபுட்டேஜ தொடாது. லேப்டாப்ல ரெய்ட மாட்டி, சோர்ஸ் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணி, அதாவது கார்டையே ரெண்டாவது தடவை படிச்சு ஒப்பிடுற மாதிரி செட் பண்ணி, நாலு கார்டையும் முதல்ல இருந்து ஆரம்பிச்சார். பழைய காப்பிய அழிக்கல. தனி ஃபோல்டர்ல தள்ளி வெச்சார், எது எது மாறியிருக்குன்னு தெரிய அது வேணும்னு. எங்களுக்கும் அப்பவே மெசேஜ் வந்துச்சு: புதுசா வர்ற ஷட்டில டேப்ல ஏத்தாதீங்க, பழைய டேப்ப தனியா வைங்க.

காரணம் தேடுனது

ஷூட் முடிஞ்சு விடியறப்போ ஆரம்பிச்சாங்க. மொதல்ல கேபிள மாத்தி ஒரே கார்டை திரும்பத் திரும்ப படிக்க விட்டாங்க, நடுவுல ஒரு தடவை ஹாஷ் மாறுச்சு. ஹப்ப கழட்டிட்டு நேரா போட்டாங்க, மறுபடி எப்பவோ ஒரு தடவை. ரீடர மாத்துனாங்க, அப்பவும். கார்டு மேல சந்தேகம் வரக் கூடாதுன்னு கார்டே இல்லாம, மெஷினோட சொந்த எஸ்எஸ்டில இருக்கற பெரிய ஃபைல ஹாஷ் எடுக்க விட்டாங்க, அதுலயும் ஒரு தடவை எண் மாறுச்சு. அதோட கேபிள், ரீடர், கார்டு மூணும் தப்பிச்சுது.

மெமரி டெஸ்ட் ஓட விட்டாங்க. ஆரம்பத்துல சுத்தமா போச்சு. சில மணி நேரம் ஓடி மெஷின் நல்லா சூடானதுக்கப்புறம் ஒரு ராம் (மெமரி) ஸ்டிக்ல பிழை வர ஆரம்பிச்சுது. ரெண்டு ஸ்டிக்ல ஒண்ணு, இந்த ஷெட்யூலுக்கு முன்னாடி கூடுதலா போட்டது. அத கழட்டிட்டு ஓட்டுனா ஒண்ணும் இல்ல.

சூட்டுக்கும் காரணம் இருந்துச்சு. டிஐடி டென்ட்டுக்குள்ள வெளிச்சம் வரக் கூடாது, மானிட்டர் சரியா பாக்கணும்னா சுத்தி கறுப்புத் துணி கட்டி அடைக்கணும், மெஷின் அதுக்குள்ள காத்தே இல்லாம ராத்திரி முழுக்க ஓடும். ப்ரெப்ல டெஸ்ட் பண்ணப்போ ஏசி ரூம்ல கொஞ்ச நேரம் ஓட்டிப் பாத்திருக்காங்க, அங்க பிழை வர வாய்ப்பே இல்ல. இது சாதா ராம், ஈசிசி ராம் இல்ல. ஈசிசியா இருந்தா ஒரு பிட் மாறுனா தானா திருத்திக்கும், ரெண்டு மாறுனா தப்புன்னாவது சொல்லும்.

ஏற்கனவே அழிச்ச கார்டுகள்

நாலு கார்டு கைல இருந்ததால அதெல்லாம் பிரச்சனையில்ல. அந்த ஸ்டிக் போட்ட நாள்ல இருந்து முந்தின ராத்திரி வரைக்கும் எடுத்தது எல்லாமே அதே மெஷின் வழியா போனதுதான், அந்த ஒரிஜினல் எல்லாம் ஃபார்மட் ஆயாச்சு. எங்க தலைல விழுந்தது இதுதான்.

மூணு காப்பியையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டா பிரயோஜனமில்ல, எல்லாம் ஒரே தடவை படிச்சதுல பொறந்தது. எடிட்டுக்குப் போன ப்ராக்ஸியும் (சின்ன சைஸ் காப்பி) அந்த ரெய்ட் காப்பில இருந்தே போட்டது. டேப்பும் அதேதான். ஹாஷ் எதுவுமே இனி உதவாது, படத்த பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

லேப்ல ஒருத்தர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுனார். ஒவ்வொரு ஃப்ரேமையும் 128க்கு 16 கட்டங்களா பிரிச்சு, முன் ஃப்ரேம், பின் ஃப்ரேம் ரெண்டுலயும் அதே கட்டத்தோட ஒப்பிட்டு, ரெண்டுக்கும் ஒட்டாம தனியா நிக்கறத மட்டும் எடுத்துக் குடுக்கும். லைட் ஃப்ளாஷ், தண்ணி தெறிக்கறது, வேகமா கை போறது எல்லாத்தையும் தப்புன்னு சொல்லுச்சு, ஆளு உக்காந்து ஒவ்வொண்ணா பாத்து தள்ள வேண்டியிருந்துச்சு. சலிப்பான வேலை, வேற வழியும் இல்ல.

அங்கங்க சில ஃப்ரேம் கிடைச்சுது. ஒரு சிலதுல கேமராவே அப்படி ரெக்கார்டு பண்ணிடுச்சோன்னு சந்தேகம் வந்தப்போ வீடியோ அசிஸ்ட், அதாவது செட்ல டேக்க உடனே ஓட்டிப் பாக்கறதுக்கான ரெக்கார்டிங், கை குடுத்துச்சு. அது கேமராவோட எஸ்டிஐ (வீடியோ கேபிள்) அவுட்புட்ல இருந்து நேரா பதிவானது, குவாலிட்டி கம்மி, ஆனா கார்டும் வொர்க்ஸ்டேஷனும் தொடாத ஒரே சாட்சி. அதுல பட்டை இல்ல. வழக்கமா ராத்திரியே அழிச்சிடுவாங்க, இந்த யூனிட்ல டைரக்டர் பழைய டேக் கேக்கறவர்ங்கறதால வெச்சிருந்தாங்க, அதிர்ஷ்டம்.

என்ன ஆச்சு

நாலு கார்டும் ரெண்டு தடவை படிச்சு சுத்தமா காப்பி ஆச்சு. பழைய காப்பியோட ஒப்பிட்டப்போ பட்டை தெரிஞ்ச ஃபைல் தவிர இன்னும் சில ஃபைலும் மாறியிருந்துச்சு, அதுல ஒண்ணு ரெண்ட முழுசா ஓட்டிப் பாத்தும் கண்ணுக்கு எதுவும் தெரியல. ஃபோகஸ் புல்லர் சொன்ன மாதிரி ஒரு ஃபைல மட்டும் மாத்தியிருந்தா அதெல்லாம் அப்படியே நின்னிருக்கும்.

பழைய ராத்திரிகள்ல கிடைச்ச அடிபட்ட ஃப்ரேம்கள்ல பெரும்பாலானது எடிட்ல எடுக்காத டேக்ல இருந்துச்சு. எடுத்த டேக்ல இருந்தத பக்கத்து ஃப்ரேம்ல இருந்து அந்த ஒரு கட்டத்த எடுத்து ஒட்டி சரி பண்ணாங்க. ஒரு இடத்துல முகம் திரும்பற நேரம், ஒட்ட முடியல, எடிட்டர் அந்தக் கட்ட கொஞ்சம் முன்னாடி நகத்திட்டார். தள்ளுன ஷாட் மறுநாள் ராத்திரி எடுத்தாச்சு. மெஷின் வாடகைக்குக் குடுத்தவங்க ராம மாத்திக் குடுத்தாங்க.

ஸ்கிரிப்ட் எதையும் விடலன்னு நான் சொல்ல மாட்டேன். லேசான நிற மாற்றம்னா அதுக்கும் மாட்டாது, ஆளுக்கும் மாட்டாது. அந்த ராத்திரிகளோட எம்ஹெச்எல்ல அப்படியே வெச்சிருக்கோம், மேல ஒரு குறிப்போட: இந்த ஹாஷ் காப்பியத்தான் உறுதிப்படுத்தும், ஒரிஜினல இல்ல.

என்ன மாத்தணும்

என்னைக் கேட்டா இந்தக் கேஸ்ல பெரிய விஷயம் டெக்னிக்கல் அறிவு இல்ல, அது நெறைய பேருக்கு இருக்கு. ஃபார்மட் அனுமதி யாருக்குன்னு ஷூட்டுக்கு முன்னாடியே எழுத்துல இருந்ததுதான். நடு ராத்திரில, லைட் போட்டு ஆளுங்க காத்திருக்கும்போது, "நிறுத்துங்க"ன்னு ஒரு டிஐடி சொன்னா, எழுத்துல எதுவும் இல்லாம அந்த வார்த்தை நிக்காது. இங்க மேனேஜர் வாதாட ஆரம்பிச்சப்போ கேமராமேன் சொன்னது ஒரே வரி: "அது அவர் முடிவு, மெயில் இருக்கு பாருங்க."

சோர்ஸ் வெரிஃபிகேஷன் இப்போ அந்த டிஐடிக்கு எப்பவும் ஆன். இதுக்கு விலை நேரம். கார்டை ரெண்டு தடவை படிச்சா கார்டு திரும்பிப் போற நேரம் கூடும், அதனால எத்தனை கார்டு வேணும்னு போடுற கணக்கே மாறும். நெறைய பேர் இத ஆஃப் பண்ணி வெச்சிருக்கறது சோம்பேறித்தனத்துல இல்ல, கார்டு பத்தாததால. கார்டு வாடகைய குறைச்சு மிச்சம் பிடிக்கறப்போ எத குறைக்கறோம்னு ப்ரொடக்‌ஷனுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒரே மெஷின்ல ரெண்டு தடவை படிக்கறதும் முழுப் பாதுகாப்பு இல்ல, ராம் மோசமா இருந்தா ரெண்டாவது தடவையும் தப்பலாம், ஆனா ரெண்டு தடவையும் அதே பிட்டு அதே மாதிரி தப்பறது ரொம்ப கஷ்டம், குறைஞ்சபட்சம் சிவப்பு வந்துடும்.

சிவப்பு வந்தா ரீகாப்பியோட நிறுத்தக் கூடாது. எந்த ஃபைல், எந்த டிரைவ், எத்தனை மணி, மெஷின் எவ்ளோ நேரமா ஓடுது, எல்லாம் எழுதணும், அன்னிக்கே வேற மெஷின்ல அந்தக் கார்டை ஒரு தடவை படிச்சுப் பாக்கணும். முதல் சிவப்புலயே இத செஞ்சிருந்தா சில ராத்திரி ஃபுட்டேஜ் தப்பிச்சிருக்கும். அசிஸ்டென்ட் மேல பழி போட ஒண்ணுமில்ல, சிவப்பு வந்தா ரீகாப்பி போடுன்னுதான் அவருக்கு சொல்லிக் குடுத்திருக்காங்க.

ப்ரெப்ல மெமரி டெஸ்ட் ராத்திரி முழுக்க, டென்ட் மாதிரி அடைச்ச இடத்துல ஓடணும். டென்ட்ல மெஷினுக்குப் பின்னாடி காத்து வெளிய போக வழி வேணும், துணிய கொஞ்சம் தள்ளிக் கட்டுனாலே போதும். கார்டுக்கு ஒரு கிளிப்பாவது, காப்பி போட்ட மெஷின்ல இல்லாம வேற மெஷின்ல, முழுசா ஓட்டிப் பாக்கணும். ஆரம்பம், நடு, கடைசின்னு தொட்டுப் பாக்கறது இந்த மாதிரி ஒத்த ஃப்ரேமுக்கு எடுபடாது. அப்புறம் வீடியோ அசிஸ்ட் ரெக்கார்டிங்க லேப்ல இருந்து ஓகே வர்ற வரைக்கும் அழிக்காம வெச்சிருக்கச் சொல்லணும், அதுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் கூடுதலா ஆகும், அவ்ளோதான் செலவு.

அடுத்த ஷெட்யூலுக்கு டிஐடி கேட்டது ரெண்டு: கூடுதலா ரெண்டு கார்டு, ஈசிசி மெமரி இருக்கற வொர்க்ஸ்டேஷன். கார்டு கிடைச்சுது. வொர்க்ஸ்டேஷனுக்கு பட்ஜெட் இல்லன்னாங்க, அதனால காப்பி முழுக்க லேப்டாப்ல, பழைய மெஷின் ராம் மாத்துனதுக்கப்புறமும் கிரேடிங்குக்கு மட்டும்தான் ஓடுது.